விண்டோஸ் அட்மின் வேலையிலிருந்து லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

விண்டோஸ் சர்வர், ஊழியர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, மாதாமாதம் பேட்ச்சிங் எனும் மென்பொருள் திருத்தம், தினமும் டிக்கெட் எனும் புகார் என்று நாலைந்து வருடம் ஓடிய பிறகு லினக்ஸ் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தவன்தான். யாரைக் கேட்டாலும் "ஆர்எச்சிஎஸ்ஏ முடிச்சிடுங்க, வேலை தானா வரும்" என்றார்கள். ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனம் நடத்தும் சான்றிதழ் பரீட்சை அது. எந்த லேப்டாப் போதும், அலுவலகத்தில் யாரிடம் பேசுவது, பணத்தை எப்போது கட்டுவது, எந்தக் காகிதத்தை இப்போதே வாங்கி வைப்பது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நீங்கள் அலைய வேண்டாம். கீழே உள்ள வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பலர் முதலில் பரீட்சைக்குப் பணம் கட்டி, பிறகு படித்து, கடைசியில் அனுபவம் தேடுகிறார்கள். அனுபவத்தைத்தான் முதலில் தேட வேண்டும். அது பெரும்பாலும் இப்போது இருக்கும் அலுவலகத்திலேயே கிடைக்கும். வேலையில் இருந்துகொண்டே படிப்பவருக்கு ஏழெட்டு மாதம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் ஆளை மாற்றிக் காட்டுகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிக் காலக்கெடு போடாதீர்கள்.

1. எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கிளவுட், குபர்நெட்டிஸ், டெவ்ஆப்ஸ், ஸ்டோரேஜ், செக்யூரிட்டி என்று கதவுகள் நிறைய. விண்டோஸிலிருந்து வருகிறவர் முதலில் லினக்ஸ் அட்மின் வேலையைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. கிளவுடில் நீங்கள் எழுப்பும் மெஷின்களில் பெரும்பகுதி லினக்ஸ்தான். பல சர்வர்களில் கன்டெய்னர் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸும் லினக்ஸ் மேல்தான் ஓடுகிறது. அதற்கான சிகேஏ பரீட்சை இரண்டு மணி நேரம் டெர்மினலில் உட்கார்ந்து செய்வது. லினக்ஸில் கை ஓடாதவருக்கு அங்கே நேரமே போதாது. சான்றிதழும் இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும். அதை இரண்டாவது படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் உங்கள் ஊர் வேலை விளம்பரங்களை உட்கார்ந்து படியுங்கள். சென்னையோ கோவையோ, உங்கள் அனுபவ வருடத்துக்குப் பொருந்துகிற விளம்பரங்களை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெட் ஹேட், பேட்ச்சிங், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நீட்டும் வசதி), ஷெல் ஸ்கிரிப்ட், ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே நேரத்தில் அமைக்கும் கருவி), விஎம்வேர் (மெய்நிகர் மெஷின் மென்பொருள்) இவை அடிக்கடி கண்ணில் படும். அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

2. கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

லினக்ஸுக்குப் போகிறவர் ஃப்ரெஷர் ஆகிவிடுவதில்லை. டிஎன்எஸ், டிஎச்சிபி, சேஞ்ச் மேனேஜ்மென்ட், நள்ளிரவு அழைப்பு, பேட்ச் போட்டு ரீபூட் ஆகாத சர்வர், எல்லாமே அங்கேயும் உண்டு. டாஸ்க் ஷெட்யூலர் இருந்த இடத்தில் கிரான், ஈவென்ட் வியூவர் இருந்த இடத்தில் ஜர்னல். பெயர் மாறும், வேலை அதேதான்.

அதிலும் ஆக்டிவ் டைரக்டரி தெரிந்தவருக்கு லினக்ஸ் டீமில் தனி மதிப்பு உண்டு. பெரிய நிறுவனங்களில் லினக்ஸ் சர்வர்களிலும் ஊழியர்கள் ஆக்டிவ் டைரக்டரியின் டொமைன் கணக்கு வழியாகவே நுழைகிறார்கள். எஸ்எஸ்எஸ்டி, ரியல்ம்டி என்ற இரண்டு லினக்ஸ் மென்பொருள்களை வைத்து சர்வரை டொமைனில் சேர்ப்பார்கள். ஒருநாள் காலையில் யாராலும் லாகின் செய்ய முடியாமல் போகும்போது, லினக்ஸ் மட்டுமே தெரிந்தவர் தன் பக்கத்து லாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை சாதாரண அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தை ஏற்காது. சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கதவு திறக்காது. டொமைன் கன்ட்ரோலரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய உங்களுக்கு இது உடனே தோன்றும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனியைச் சரிபார்த்து, டிஎன்எஸ் பதிவைப் பார்த்து முடித்துவிடுவீர்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் என்பதுதான் உங்கள் அடையாளம். ரெஸ்யூமேயிலும் இன்டர்வியூவிலும் அதையே முன்னால் வையுங்கள்.

3. வீட்டில் ஒரு லேப் (பயிற்சிக் கூடம்) போடுங்கள்

16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப் போதும். 8 ஜிபிதான் இருக்கிறது என்றால் ரேமைக் கூட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கூட்ட வழியில்லை. இந்த முழு மாற்றத்திலும் பரீட்சைக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும். அலுவலக லேப்டாப்பில் லேப் போடாதீர்கள். அனுமதி இருக்காது, பரீட்சைக்கும் அது உதவாது.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ரெட் ஹேட் நிறுவனம் தனிநபர் டெவலப்பர் சந்தாவை இலவசமாகத் தருகிறது, 16 மெஷின் வரை பதிவு செய்யலாம். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்றால் ரெட் ஹேட் லினக்ஸைப் போலவே இயங்கும் இலவச அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் மெஷின்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதும். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் ஹைப்பர்வியே பயன்படுத்தலாம், ஹோம் பதிப்பில் அது கிடையாது. இரண்டு லினக்ஸ் மெஷின், ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க், கூடவே எல்விஎம் பழக 5 ஜிபியில் இரண்டு காலி டிஸ்க். மூன்றாவதாக ஒரு விண்டோஸ் சர்வர். அதன் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் இலவசம். அதில் டொமைன் எழுப்பி லினக்ஸைச் சேர்த்துப் பழகுங்கள். மேலே சொன்ன கடிகாரச் சிக்கலை நீங்களே உண்டாக்கி நீங்களே தீருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது பழைய வீடியோக்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய இலவச லினக்ஸ் காலத்தில் எடுத்த பாடங்கள் இன்னும் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. அந்தப் பதிப்பின் ஆயுள் 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. அதில் நெட்வொர்க்கை ஸ்கிரிப்ட் கோப்புகளைத் திருத்தி அமைப்பார்கள். ரெட் ஹேட் 9ஆம் பதிப்பில் அந்த ஸ்கிரிப்ட்களே இல்லை, எல்லாம் நெட்வொர்க் மேனேஜர் வழியாகத்தான். 9ஆம் பதிப்புக்கோ அதற்குப் பிந்தியதற்கோ எடுத்த பாடம்தானா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இரண்டாவது கிளவுட் பில். அமேசான் கிளவுடில் ஒரு சின்ன மெஷின்தானே என்று எழுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் தனிக் கட்டணம் உண்டு. மாதம் முழுக்க விட்டால் அந்த முகவரிக்கு மட்டும் மூன்றரை டாலருக்கு மேல் போகும். கணக்குத் தொடங்கிய அன்றே பட்ஜெட் அலாரம் வைத்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்குக் கிளவுடே தேவையில்லை என்பேன்.

4. இப்போதைய அலுவலகத்திலேயே லினக்ஸைத் தொடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வெளியே இன்டர்வியூவில் "லினக்ஸில் ப்ரொடக்‌ஷன் அனுபவம் இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நிஜப் பயனாளர்கள் வேலை செய்யும் சர்வரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், வீட்டு லேப் அதற்குப் பதில் ஆகாது. ஒரே ஒரு ப்ரொடக்‌ஷன் சர்வரைக் கவனித்திருந்தால்கூட உங்கள் பேச்சில் நம்பிக்கை வந்துவிடும்.

எப்படிக் கேட்பது? மேனேஜரிடம் போய் "நான் லினக்ஸுக்கு மாறப்போகிறேன்" என்று அறிவிக்காதீர்கள், ஆள் கிளம்பப்போகிறார் என்றுதான் காதில் விழும். லினக்ஸ் டீமின் லீடிடம் போங்கள். "அண்ணா, வார இறுதி பேட்ச்சிங்ல ஆள் குறைவா இருந்தா சொல்லுங்க, நான் கூட உக்காந்து பாக்கிறேன்" என்று கேளுங்கள். வார இறுதி பேட்ச்சிங்குக்கு எந்த டீமிலும் ஆள் குறைவுதான். முதலில் சேவைகள் எழுந்துவிட்டனவா என்று பார்த்துச் சொல்லும் வேலை தருவார்கள். பிறகு ரன்புக் எனும் செய்முறைக் குறிப்பைப் பார்த்து நீங்களே செய்யலாம். பேக்கப் ரிப்போர்ட், மானிட்டரிங் ஏஜென்ட் போடுவது, டிஸ்க் நிரம்பிய டிக்கெட் என்று மெல்ல மெல்லக் கைக்கு வரும். டிக்கெட் எண்ணையோ சர்வர் பெயரையோ வெளியே எடுத்துப் போகாமல், என்ன பிரச்சினை, எப்படித் தீர்ந்தது என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்டர்வியூவுக்கு முந்தின இரவு வேறு எதையும் படிக்க வேண்டியிருக்காது.

பெரிய நிறுவனத்தில் இருந்தால் உள் வேலை அறிவிப்புகளையும் பாருங்கள். உள்ளுக்குள்ளேயே மாறினால் சம்பளம் பெரும்பாலும் ஏறாது, ஆனால் நோட்டீஸ் இல்லை, காகிதச் சிக்கல் இல்லை, பிஎஃப் அப்படியே தொடரும். ஒரு வருடம் அங்கே லினக்ஸ் பார்த்துவிட்டு வெளியே வருவது, வெளியே ஒரேயடியாகத் தாவுவதைவிட நல்ல வழி.

5. பரீட்சைக்கு எப்போது பணம் கட்டுவது

ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சையின் எண் இஎக்ஸ்200. மூன்று மணி நேரம், முழுக்கச் செய்முறை, கொள்குறி வினா ஒன்றுகூடக் கிடையாது. 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அமெரிக்க விலை 500 டாலர். இந்தியாவுக்கு ரூபாயில் தனி விலை உண்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கட்டும் அன்று ரெட் ஹேட் தளத்தில் போட்டிருக்கும் தொகையை மட்டும் நம்புங்கள், இடைத்தரகர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். எந்தப் பதிப்பில் பரீட்சை நடக்கிறது, திரும்ப எழுதும் வாய்ப்பு கட்டணத்தில் அடங்குமா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறும்போது பாடப் பட்டியலிலும் சிலது சேரும், சிலது போகும்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் பாடத்தைப் பார்க்காமல் இரண்டு முறை செய்து முடித்த பிறகே பணம் கட்டுங்கள். பரீட்சையில் இணையம் கிடையாது. மெஷினுக்குள் இருக்கும் மேன் பக்கங்கள் போன்ற உதவிக் குறிப்புகள் மட்டும்தான் துணை. அவற்றில் தேடிப் பழகுவதே பாதிப் படிப்பு.

திறமை இருந்தும் பலர் தவறுவது ரீபூட்டில். நீங்கள் செய்த எல்லாமே மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்த பிறகும் நிற்க வேண்டும். சேவையைத் தொடங்கிவிட்டு எனேபிள் செய்யாமல் விட்டால் மதிப்பெண் இல்லை. ஃபயர்வால் விதியை நிரந்தரமாகச் சேர்க்காவிட்டாலும் இல்லை. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு எழுத்து பிசகினால் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுகொள்ளும், அதன் பிறகு மற்ற விடைகளும் போச்சு. அந்தக் கோப்பைத் தொட்டால், ரீபூட்டுக்கு முன் எல்லாவற்றையும் மவுண்ட் செய்யச் சொல்லும் கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள். ரூட் எனும் தலைமைக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்த மெஷினைத் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதில் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். எஸ்இலினக்ஸ் எனும் பாதுகாப்பு அமைப்பின் லேபிள்களைத் திரும்பப் போடச் சொல்லும் ஆட்டோரீலேபிள் கோப்பை உருவாக்க மறந்தால், புதுப் பாஸ்வேர்டும் உள்ளே விடாது. கடைசி இருபது நிமிடத்தைப் பரீட்சை மெஷின்களை ரீபூட் செய்து சரிபார்க்க ஒதுக்குங்கள்.

வீட்டிலிருந்தே எழுதலாம். அதற்கு ரெட் ஹேட் தரும் இமேஜைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியை பூட் செய்ய வேண்டும். அலுவலக லேப்டாப்பில் யுஎஸ்பி பூட் பூட்டப்பட்டிருக்கும் என்பதால் சொந்தக் கணினிதான் வேண்டும். லேப்டாப்பிலேயே உள்ள கேமரா போதாது, வயரோடு கூடிய தனி வெப்கேம் வாங்க வேண்டும். மானிட்டர் ஒன்றுதான் அனுமதி. மேஜை காலியாக இருக்க வேண்டும், அறைக்குள் யாரும் வரக்கூடாது. தேதி குறிக்கும் முன் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று மின்வாரிய அறிவிப்பில் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் தெருவில் ஃபைபர் இணைப்பின் பெட்டிக்கு மின்சாரம் போனால் இணையம் நின்றுவிடும். இத்தனையும் தொல்லை என்றால் பெரிய நகரத்தில் தேர்வு மையத்தைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பரீட்சைக் கணக்கில் கொடுக்கும் பெயரும் அன்று கேமராவில் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

டம்ப் எனும் கசிந்த கேள்வித் தொகுப்பை விற்பவர்களிடம் போகாதீர்கள். பரீட்சைக் கேள்விகளை வெளியிடுவது ஒப்பந்த மீறல், சான்றிதழே ரத்தாகலாம். அப்படித் தேறி வந்தவர் டெக்னிக்கல் ரவுண்டில் பத்து நிமிடம்கூடத் தாங்க மாட்டார்.

6. ரெஸ்யூமேயும் இன்டர்வியூவும்

வேலைத் தளங்களில் மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம் என இரண்டு கட்டங்கள் இருக்கும். ஆறு வருடம், அதில் லினக்ஸ் ஒரு வருடம் என்றால் அப்படியே போடுங்கள். லினக்ஸ் ஆறு வருடம் என்று போட்டால் ஆறு வருடத்துக்கான கேள்விதான் வரும்.

கேள்விகள் பெரும்பாலும் சம்பவங்களாக இருக்கும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று டிஎஃப் கட்டளை காட்டுகிறது, கோப்புகளின் அளவைச் சொல்லும் டியூ கட்டளையைப் போட்டுக் கூட்டினால் அவ்வளவு வரவில்லை, ஏன்? அழித்த லாக் கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்த ப்ராசஸைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் திரும்பும். இன்னொன்று, இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் கோப்பு உருவாக மறுக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு எனும் பதிவிடம் தீர்ந்திருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு அடைவில் லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் குவிந்திருக்கும். இரண்டையும் லேபில் நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். சொந்தமாக அவிழ்த்துப் பார்த்தவர் சொல்லும் விதமே வேறு, எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

சம்பளத்தில் ஒரு வார்த்தை. முதல் லினக்ஸ் வேலைக்கு இப்போதைய சம்பளமோ சின்ன உயர்வோ கிடைத்தால் ஒத்துக்கொள்ளுங்கள். வேலை உண்மையிலேயே லினக்ஸ்தானா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள்: டீமில் எத்தனை லினக்ஸ் சர்வர், ஷிப்ட் எப்படி, ரூட் அனுமதி எந்த நிலையில் தருவார்கள். லினக்ஸ் அட்மின் என்று எடுத்து, மானிட்டரிங் திரையைப் பார்த்துப் போன் செய்யும் வேலையில் உட்கார வைக்கும் இடங்கள் உண்டு.

7. காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள்

ஆஃபர் வந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். கேட்பவை: இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை, பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ். ப்ரொவிஷனல் மட்டும் வைத்திருப்பவர்கள் பட்டத்தைக் கல்லூரியில் வாங்கிவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் நகல் வாங்க வேண்டி வந்தால் வாரக்கணக்கில் ஆகும்.

பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் கம்பெனிப் போர்ட்டலில்தான் கிடக்கும். கடைசி நாள் முடிந்ததும் அந்தக் கணக்கு மூடிவிடும். இன்றே இறக்கிச் சொந்த மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

அனுபவம் "போட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகளைக் கிட்டவே சேர்க்காதீர்கள். சரிபார்ப்பவர்கள் பிஎஃப் சேவை வரலாற்றையும் வரிப் பிடித்த பதிவையும் பார்க்கிறார்கள். இல்லாத கம்பெனிக்கு அங்கே பதிவு இருக்காது. பொய் என்று தெரிந்தால் சேர்ந்து ஆறு மாதம் ஆனாலும் அனுப்பிவிடுவார்கள், ரிலீவிங் லெட்டரும் வராது. உங்களிடம் உண்மையான அனுபவம் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு? மார்க் ஷீட் ஒரிஜினல்களை பாண்டு எனும் ஒப்பந்தத்துக்காகக் கேட்கும் எந்த இடத்திலும் கொடுக்காதீர்கள். காட்டலாம், நகல் தரலாம், அதோடு சரி.

யுஏஎன், ஆதார், பான் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிஎஃப் பதிவில் பெயரைத் திருத்தக் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம். ஹெச்ஆர் உங்கள் அழைப்பை எடுக்கும் காலத்திலேயே, அதாவது ராஜினாமா கொடுக்கும் முன்பே, அதை முடித்துவிடுவது நல்லது.

8. நோட்டீஸும் கடைசி நாளும்

எழுத்தில் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா மின்னஞ்சல் போகக்கூடாது. "செலக்டட்" என்று போனில் சொன்னது கணக்கில் வராது. ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் 60 அல்லது 90 நாள் என்பது சாதாரணம். பணம் கட்டிக் குறைக்க முடியுமா, மீதி லீவைக் கழிப்பார்களா என்று உங்கள் பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். புதுக் கம்பெனி அந்தப் பணத்தைத் தருகிறோம் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே இடத்தில் நாலரை வருடம் தாண்டியவர்கள் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையைக் கணக்குப் போடுங்கள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். சேவை வருடம் ஒவ்வொன்றுக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கு அது. நோட்டீஸ் காலமும் சேவையில் சேரும் என்பதால் கடைசி நாளைச் சில வாரம் தள்ளி வைத்தாலே பலருக்கு எட்டிவிடும்.

பழைய இடத்தின் கடைசி நாளும் புது இடத்தில் சேரும் நாளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. பிஎஃப் பதிவில் அது இரட்டை வேலை போலத் தெரியும். சேர்ந்த வாரத்திலேயே, அந்த நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது ஹெச்ஆரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் வரி விலக்கைத் தனித்தனியாகக் கழித்துவிடுவார்கள், ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகையாக நீங்கள் கட்ட நேரும்.

இரண்டு மாதம் கழித்து யுஏஎன் போர்ட்டலில் நுழைந்து பழைய கம்பெனிக்கு வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் அதைப் போடாமலே விட்டுவிடுகின்றன. கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் 'மார்க் எக்ஸிட்' என்ற இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைக் கொடுங்கள். அது ஏறிய பிறகு பழைய கணக்கின் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.